அசலா, நகலா? பழைய ஹாட் ராட் கார்கள் கற்றுத்தரும் உலோகப் பாடம்

மாணவர்களே, 1932-ஆம் ஆண்டில் தயாரான ஒரு காரை ஒருவர் உங்களிடம் காட்டி, "இதன் உடல் முழுவதும் அசல் எஃகு" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே பளபளப்பான சாயம். அதற்கு அடியில் இருப்பது எஃகுத் தகடா, ஈயமா, பட்டியா? சாயத்தைச் சுரண்டாமல் அதைக் கண்டறிய முடியுமா? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் இதற்கு உதவும். எப்படி என்று பார்ப்போம்.

ஹாட் ராட் என்பது என்ன?

1930-களில் கலிபோர்னியா இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கி, தாங்களே மாற்றியமைத்து வேகமாக ஓட்டத் தொடங்கினர். மொஹாவி பாலைவனத்தில் உள்ள மியூரோக் போன்ற வறண்ட ஏரித் தரைகளே அவர்களின் பந்தயத் திடல். ஓட்டங்களை முறைப்படுத்த 1937-இல் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. இவ்வாறு மாற்றப்பட்ட கார்களுக்குப் பின்னர் ஹாட் ராட் என்ற பெயர் நிலைத்தது.

அவர்கள் மிகவும் விரும்பியது 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு. அதற்கு முந்தைய ஃபோர்டு மாடல் ஏ காரின் நான்கு சிலிண்டர் இயந்திரம் 40 குதிரைத்திறன் கொண்டது. 1932-இல் வந்த வி8 இயந்திரமோ 65 குதிரைத்திறன் தந்தது. அதுவும் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில்!

இளைஞர்கள் மட்கார்டுகளையும் பானெட்டையும் கழற்றி எறிந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. முடுக்கம் = விசை ÷ பொருண்மை. 1,000 கிலோ காரிலிருந்து 150 கிலோவைக் குறைத்தால், அதே விசைக்கு முடுக்கம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது. இயந்திரத்தைத் தொடாமலேயே கிடைக்கும் லாபம் இது.

சரியான பாகம் ஏன் முக்கியம்?

பெயர் ஒன்றாக இருந்தால் பாகங்களும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மாடல் ஏ காரிலேயே 1928–29 வகைக்கும் 1930–31 வகைக்கும் ரேடியேட்டர் உறையின் உயரம் வேறு. முதல் வகையின் சக்கரம் 21 அங்குலம், அடுத்ததின் சக்கரம் 19 அங்குலம், 1932 காரின் சக்கரம் 18 அங்குலம்.

மாடல் ஏ காரில் பெட்ரோல் டாங்கி முன் கண்ணாடிக்குக் கீழே, உடலின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1932-இல் அது காரின் பின்புறத்துக்குச் சென்றது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரமும் 103.5 அங்குலத்திலிருந்து 106 அங்குலமாக நீண்டது. ஆகவே மாடல் ஏ உடலை 1932 அடிச்சட்டத்தின் மேல் பொருத்த விரும்புபவர், அந்த 2.5 அங்குல வேறுபாட்டுக்கு முதலிலேயே கணக்குப் போட வேண்டும். பல ஹாட் ராட்கள் இப்படித்தான் கட்டப்பட்டன.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். பழைய காரில் துரு முதலில் தாக்குவது கதவின் அடிப்பகுதியையும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களையும்தான். சேறும் ஈரமும் அங்கேதான் தங்கும். துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இரு தகடுகளுக்கு நடுவே துரு வளர்ந்தால் அவற்றைப் பிளந்து தள்ளும். சாயத்தின் மேல் சிறு கொப்புளங்கள் தெரிந்தால், உள்ளே சேதம் பெரிதாக இருக்கலாம்.

துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். சூடான இடம் விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதைத் தடுக்கிறது. விரிய வழியில்லாத உலோகம் தன்மேலேயே அழுந்தித் தடிக்கிறது. ஆறும்போது சுருங்கி, சுற்றியுள்ள தகட்டையும் இழுத்து நெளிக்கிறது. இதைத் தவிர்க்க, தொழிலாளர்கள் ஒரே கோடாகப் பற்றவைக்காமல், தள்ளித் தள்ளிப் புள்ளிகளாக வைக்கிறார்கள். பிறகு தகட்டின் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்து, முன்னால் சுத்தியலால் தட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நசுங்கும் தகடு சற்று மெலிந்து நீள்கிறது, சுருக்கம் சரியாகிறது.

ஈயம் ஏன் வெண்ணெய்போல் குழைகிறது?

பட்டி வருவதற்கு முன், மேடு பள்ளங்களை நிரப்ப ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தினர். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்தால் நிலைமை மாறுகிறது. அந்தக் கலவை 183 பாகையில் உருகத் தொடங்கி, ஏறத்தாழ 255 பாகையில்தான் முழுவதும் திரவமாகிறது. இடைப்பட்ட வெப்பநிலையில் அது பாதி திடம், பாதி திரவம். அந்த நேரத்தில் மரக் கரண்டியால் அதை வழித்து வடிவமைக்கலாம். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை தேவை என்பதால் அடியிலுள்ள தகடு உருகுவதில்லை. அக்காலத்தில் வெள்ளீய உற்பத்தியில் உலகின் முன்னணியில் இருந்தது மலாயா என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஈயம் நச்சுத்தன்மை உடையது. அதைத் தேய்த்துத் தூளாக்குவது ஆபத்து. எனவே, அறிந்தவர்கள் அதை அரத்தால் சீவுகிறார்கள். தூளை ஒருபோதும் சுவாசிப்பதில்லை. இது நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டிய வேலையன்று.

நீங்களே செய்து பாருங்கள்

தேவை: சிறிய காந்தம், காந்தம் ஒட்டும் குளிர்பதனப்பெட்டிக் கதவு, தாள்கள்.

1. காந்தத்தைக் கதவில் ஒட்டி, இழுத்து எடுங்கள். எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று கவனியுங்கள்.
2. நடுவே 5 தாள்களை வைத்து மீண்டும் இழுங்கள். பிறகு 10, 20 என்று கூட்டுங்கள்.
3. எத்தனையாவது தாளில் காந்தம் நழுவி விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தாள் காந்தத்தை ஈர்ப்பதில்லை. அது தூரத்தை மட்டும் கூட்டுகிறது. தூரம் கூடினால் ஈர்ப்பு விரைவாகக் குறைகிறது. ஈயமும் பட்டியும் காரில் இந்தத் தாளைப் போன்றவையே. துணி சுற்றிய காந்தத்தைக் காரின் மேல் மெதுவாக நகர்த்தினால், பிடி தளரும் இடத்தில் நிரப்புப் பொருள் தடிமனாக இருக்கிறது என்று பொருள். கண்ணாடியிழை உடலில் காந்தம் ஒட்டவே ஒட்டாது.

காந்தம் சொல்லாத உண்மை

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். காந்தம் நன்றாக ஒட்டினால் அந்த உடல் 1932-இல் தயாரானது என்று சொல்லலாமா? கூடாது! அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள புரூக்வில் ரோட்ஸ்டர் என்ற நிறுவனம், பழைய ஃபோர்டு உடல்களை இன்றும் புது எஃகில் செய்து விற்கிறது. காந்தத்துக்கு அசலும் ஒன்றுதான், நகலும் ஒன்றுதான். "இது எஃகு" என்பதை மட்டுமே அது சொல்லும். எந்த ஆண்டின் எஃகு என்பதைச் சொல்லாது. அக்கால ஃபோர்டு கார்களின் அடையாள எண்ணும் அடிச்சட்டத்தில்தான் பொறிக்கப்பட்டது. ஆகவே அது அசலாக இருந்தாலும், மேலே இருக்கும் உடல் அசல் என்பதற்கு அது சான்றாகாது. தகட்டின் உட்புறம், பற்றவைத்த தழும்பு, சுத்தியல் தடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். ஒரு சோதனை எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்று பிரித்தறிவதே அறிவியல் சிந்தனை.

நகல் உடல் ஏமாற்று வேலையன்று. நகல் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள். நல்லதும்கூட: இளைஞர் ஒருவர் நகலை வெட்டி மாற்றினால், எஞ்சியுள்ள அசல் கார் ஒன்று வெட்டுப்படாமல் தப்புகிறது. வெட்டிய அசல் திரும்ப வராது.

சிந்தியுங்கள்

1. 1,000 கிலோ காரில் 200 கிலோ குறைத்தால், அதே விசைக்கு முடுக்கம் எத்தனை விழுக்காடு கூடும்?
2. தகட்டைப் பற்றவைத்த இடத்தில் உடனே நீர் ஊற்றிக் குளிரவைத்தால் என்ன நேரலாம்?
3. உங்கள் தாத்தாவின் பழைய மிதிவண்டியில் துருப்பிடித்த மட்கார்டுக்குப் பதில் புதிது பொருத்தினால், அது இன்னும் "அதே மிதிவண்டி"தானா? நண்பர்களுடன் விவாதியுங்கள்.