இரட்டைக் கர்ப்பமா? முதலில் நஞ்சுக்கொடியைப் பற்றிக் கேளுங்கள்

ஸ்கேனில் இரண்டு இதயத்துடிப்பு தெரிந்ததும், "ஒட்டின வாழைப்பழம் சாப்பிட்டியா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பழத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்து கருவானாலோ, ஒரு கரு இரண்டாகப் பிரிந்தாலோ இரட்டைக் குழந்தைகள் உருவாகின்றன. காரண ஆராய்ச்சியை இத்தோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? பனிக்குடம் ஒன்றா, இரண்டா?" 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும், நாள் தள்ளினால் கண்டுபிடிப்பது கடினம். அறிக்கையில் 'டைகோரியானிக்' என்றிருந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி. 'மோனோகோரியானிக்' என்றால் இருவருக்கும் ஒன்றே.

தனித்தனி என்றால் பெரும்பாலும் நான்கு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் போதும். ஒன்றே என்றால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம். பொது நஞ்சுக்கொடிக்குள் இரு குழந்தைகளின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். இத்தகைய கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தில், ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கு அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. ஒன்றுக்குப் பனிக்குட நீர் வற்றும், மற்றதற்குப் பெருகும். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சை உண்டு. தாய்க்கு எந்த அறிகுறியும் தெரியாமலே இது தொடங்கலாம் என்பதால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு ஸ்கேனைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில், மூன்று பேருக்குச் சாப்பிட வேண்டியதில்லை. மசக்கை கடுமையாக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். முட்டை, சுண்டல், தயிர், கீரை தினமும் இருக்கட்டும். ரத்தசோகைதான் பெரிய கவலை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் கூடாமலிருக்க 12-வது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கக் கூடாது.

படுத்தே கிடக்க வேண்டுமா? வேண்டாம். முழுப் படுக்கை ஓய்வு குறைப்பிரசவத்தைத் தடுப்பதில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும்.

அடுத்தது தாய்வீட்டுப் பயணம். இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. அதனால் ஒன்பதாம் மாத வளைகாப்பு, பிறகு அம்மா வீடு என்ற கணக்கு இங்கே உதவாது. ஆறாம் மாதத்துக்குள் பிரசவ ஆஸ்பத்திரியை முடிவு செய்யுங்கள். அங்கே, "பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகளைச் சேர்க்க முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அம்மா ஊரில் அந்த வசதி இல்லையென்றால், அம்மாவை உங்கள் வீட்டுக்கு வரவழையுங்கள். சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டாலும் இதுவே சரி.

இரட்டை என்றாலே சிசேரியன் இல்லை. முதல் குழந்தையின் தலை கீழே இருந்து மற்றவையும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்கு வாய்ப்புண்டு. பனிக்குடமும் ஒன்றே என்றால் 32 - 34 வாரத்தில் சிசேரியன்தான். நஞ்சுக்கொடி மட்டும் ஒன்றென்றால் 36 - 37 வாரமும், இரண்டென்றால் 37 - 38 வாரமும் பொதுவான கணக்கு. நல்ல நட்சத்திரம் பார்த்து இதற்கு முன்பே அறுவைக்கு நாள் குறிக்காதீர்கள். நுரையீரல் முதிர ஒவ்வொரு வாரமும் தேவை. 34 வாரத்துக்கு முன்பே வலி வந்தால், குழந்தைகளின் நுரையீரலுக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஆகவே சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போவது முக்கியம்.

ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்று இறுக்கம், திடீரென வயிறு பெருத்து மூச்சு முட்டுவது, கடும் தலைவலி, கண் மங்கல், உள்ளங்கை உள்ளங்கால் அரிப்பு, அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழைத்ததும் "இரட்டைக் குழந்தை" என்பதையும் எத்தனையாவது வாரம் என்பதையும் முதலில் சொல்லுங்கள். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று சொன்ன அந்த ஸ்கேன் அறிக்கையையும் மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.