போர்க்காலப் பொருள்களை வகுப்பில் வாசிப்போம்: பத்தாம் வகுப்புக்கு ஒரு சான்றுப் பாடம்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் உலகப்போர் பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் மாணவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி கூட்டணிகளைப் பற்றியோ ஒப்பந்தங்களைப் பற்றியோ இருப்பதில்லை. "டீச்சர், அப்போ எந்தத் துப்பாக்கி வெச்சு சுட்டாங்க?" என்பதுதான் அது. இந்த ஆர்வத்தை அடக்கிவிட்டுப் பாடத்துக்குள் போகலாம். அல்லது அதையே பாடத்தின் வாசலாக்கலாம். கடந்த சில ஆண்டுகளாக நான் இரண்டாவது வழியில் போகிறேன். உலகெங்கும் பழைய போர்த் துப்பாக்கிகளையும் பதக்கங்களையும் சேகரிப்பவர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது அதன் மீதுள்ள எழுத்தையும் முத்திரையையும்தான். எந்த ஆண்டு, எந்த ஆலை, யாருடைய உடைமை, யாருக்கு வழங்கப்பட்டது என்று அவர்கள் கேட்கும் கேள்விகள் வரலாற்று ஆய்வாளரின் கேள்விகளே. அவற்றை நம் மாணவர்களுக்குக் கற்றுத்தருவதே இப்பாடத்தின் நோக்கம். துப்பாக்கியை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, கொண்டுவரவும் கூடாது. படங்களும் அருங்காட்சியகமும் போதும்.

மூன்று முத்திரைகள்

முதல் பாடவேளையில் மூன்று துப்பாக்கிகளின் படங்களை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் திரையிடுகிறேன்.

முதலாவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் பயன்படுத்திய 'பிரவுன் பெஸ்' வகைத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் இட்டுக் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கச் செய்வது. குழலின் விட்டம் முக்கால் அங்குலம். பாளையக்காரர்களை எதிர்த்த போர்களில் கம்பெனிப் படையின் கையில் இருந்தது இத்தகைய துப்பாக்கியே. 1808க்கு முன் கம்பெனிக்காகச் செய்யப்பட்டவற்றின் விசைத்தகட்டில் இதய வடிவில் ஒரு முத்திரை உண்டு. அது படை முத்திரை அன்று. கம்பெனி தன் சரக்குப் பொதிகளில் இட்ட வணிக முத்திரை. "துணி மூட்டையில் குத்தின முத்திரையை ஏன் துப்பாக்கியிலும் குத்தினாங்க?" என்று மாணவர்களிடம் கேளுங்கள். வணிகம் ஆட்சியான கதையை அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

இரண்டாவது, இரண்டு உலகப்போர்களிலும் இந்திய வீரர்கள் ஏந்திய லீ என்ஃபீல்டு. நம் ஊரில் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே புரியும். பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி; ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். வங்காளத்தின் இச்சாப்பூர் ஆலையில் இவை செய்யப்பட்டன. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் மகுடம், அரசரின் பெயரெழுத்துகள், ஆலையின் பெயர், ஆண்டு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, அதே ஆலையில் குடியரசான பிறகு செய்யப்பட்டது. வடிவத்தில் பெரிய மாற்றமில்லை. ஆனால் மகுடம் இருந்த இடத்தில் அசோகரின் சிங்கத்தூண் வந்துவிட்டது.

வணிகரின் முத்திரை, மன்னரின் மகுடம், குடியரசின் சிங்கம். இந்த மூன்று படங்களைக் கால வரிசையில் அடுக்கச் சொன்னால், ஒன்றரை நூற்றாண்டு இந்திய வரலாறு மேசைமேல் வந்துவிடுகிறது. எந்தத் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்ற பேச்சு அதற்குள் மறைந்துவிடும்.

பதக்கத்தின் விளிம்பு

இரண்டாம் பாடவேளை பதக்கங்களுக்கு உரியது. முதல் உலகப்போரில் பணியாற்றியோருக்கு வழங்கப்பட்ட 'பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்' வெள்ளியால் ஆனது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரைமேல் ஒரு மனிதன், 1914, 1918 என்ற ஆண்டுகள். பலரும் இந்த இரண்டு பக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். சேகரிப்பவர்கள் பார்ப்பது மூன்றாவது பக்கத்தை, அதாவது விளிம்பை. அங்கே பெற்றவரின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை சிறிய ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. அது இந்தியா, சீனா, மால்டா முதலிய இடங்களிலிருந்து சென்ற தொழிலாளர் படையினருக்கு வழங்கப்பட்டது. துப்பாக்கி பிடித்தவருக்கு வெள்ளி. மூட்டை சுமந்தவருக்கும் சாலை போட்டவருக்கும் வெண்கலம். இதனுடன் இன்னொரு பொருளையும் காட்டுகிறேன். போரில் இறந்தோரின் குடும்பத்துக்கு அனுப்பப்பட்ட, ஏறத்தாழ 12 செ.மீ. விட்டமுள்ள வெண்கல நினைவுத் தட்டு அது. 13 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அதில் இறந்தவரின் பெயர் மட்டுமே இருக்கும், பதவி இருக்காது. உயிரைக் கொடுத்ததில் உயர்வு தாழ்வு இல்லை என்பது காரணம். "செத்தவங்க எல்லாரும் சமம்னா, பொழச்சு வந்தவங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு உலோகம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அன்றைய வீட்டுப்பாடமாக எல்லோருக்கும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மாணவன் தன் வீட்டிலிருந்த வெள்ளிப் பதக்கத்தைப் பற்றிச் சொன்னான். அவன் பாட்டியின் மாமனாருடையதாம். பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்து, விளக்கை ஓரமாகப் பிடித்து விளிம்பை எழுத்து எழுத்தாகக் குறித்து வா என்றேன். குறித்து வந்தான். எண், சிப்பாய் என்ற பதவிச் சுருக்கம், பெயர், அதன்பின் 63வது பாளையங்கோட்டை காலாட்படை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா என்னும் துறைமுகத்தில், இன்றைய தான்சானியாவில், ஜெர்மானியரை எதிர்த்து இறங்கித் தோற்றுத் திரும்பிய படைகளுள் அதுவும் ஒன்று. அந்தப் போரில் தேனீக்கள் கலைந்து வீரர்களைக் கொட்டியதால் அதற்குத் 'தேனீப் போர்' என்றே ஒரு பெயருண்டு. பாளையங்கோட்டை என்ற பெயர் ஆப்பிரிக்கக் கரையில் ஒலித்ததை வகுப்பு வியப்போடு கேட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்தக் குடும்பம் மருத்துவச் செலவுக்காகப் பதக்கத்தை எடைக்குப் போட்டுவிட்டது. ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் வெள்ளி. அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. வெள்ளி விலை ஏறிய காலங்களிலெல்லாம் இத்தகைய பதக்கங்கள் பல நாடுகளில் உருக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த விளிம்பிலிருந்த ஒரு வரி மாணவனின் நோட்டில் இருக்கிறது. பதக்கத்தைக் காப்பாற்றுவது எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. அந்த ஒரு வரியைக் காப்பாற்றுவது ஒரு பத்தாம் வகுப்பு மாணவனால் இயலும். இந்தப் பாடத்தை எல்லாப் பள்ளிகளிலும் நடத்த வேண்டும் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் ஏறத்தாழ 13 லட்சம் பேர். இறந்தோர் 74,000க்கும் மேல். பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். அவர்களைப் பற்றி அவர்கள் வீட்டில் எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று பல நேரங்களில் அந்த விளிம்பு மட்டுமே.

நம் பகுதியில் தேட வேண்டியவை

பதக்கம் எல்லா ஊரிலும் கிடைக்காது. வேறு என்னென்ன தேடலாம்?

ஊர்க்கல்வெட்டு: "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் உயிர்நீத்தனர்" என்னும் பொருள்படும் பலகைக் கற்கள் தமிழகக் கிராமங்கள் பலவற்றில் உள்ளன. எண்ணிக்கை இருக்கும், பெயர்கள் இருக்கா. சுண்ணாம்பு பூசப்பட்டு மறைந்தவையும் உண்டு.

ஜப்பானிய நோட்டுகள்: மலேயா, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களின் பெட்டிகளில் இவை இன்றும் கிடைக்கின்றன. மலேயாவின் பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் 'வாழைமரப் பணம்' எனப் பெயர் பெற்றது. பிந்தைய அச்சுகளில் வரிசை எண்கூட இல்லை. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் இவை வெற்றுத்தாள் ஆயின. பணவீக்கத்தை விளக்க இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பித்தளைப் பொருள்கள்: பீரங்கிக் குண்டின் வெற்று உறையைக் கொண்டு வீரர்களும் கைவினைஞர்களும் பூச்சாடி, சாம்பல் கிண்ணம் செய்தனர். அடிப்புறத்தைத் திருப்பினால் ஆண்டும் ஆலைக்குறியும் தெரியும். 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரால் வீரர்களுக்கு வழங்கப்பட்ட பித்தளைப் பெட்டியையும் படத்தில் காட்டலாம். பிரிட்டிஷ் வீரருக்குப் புகையிலை. இந்திய வீரருள் பலருக்குக் கற்கண்டும் மசாலாப் பொருளும். மூடியில் நேச நாடுகளின் பெயர்களுள் ஜப்பானும் உண்டு. 1914இல் நண்பன், 1942இல் எதிரி. பெட்டியையும் வாழைமர நோட்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் போதும்.

ஒரு சொல்: பொருள் எதுவும் கிடைக்காத ஊரிலும் இது கிடைக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசியது. அதன்பின் 'எம்டன்' என்பது கெட்டிக்காரனுக்கும் மிரட்டுபவனுக்கும் தமிழில் பெயரானது. சென்னை உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் உள்ளது. குண்டு சிதறிய கப்பல் நவம்பரிலேயே கொக்கோஸ் தீவில் அழிந்தது. சொல் இன்னும் வீட்டில் வாழ்கிறது.

பாடத்தை நடத்தும் முறை

மூன்றாம் பாடவேளையில் மாணவர்கள் ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிகின்றனர். ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளை, அல்லது அதன் படத்தை, எடுத்துக்கொண்டு ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

1. இது எதனால் ஆனது? யார், எங்கே, எப்போது செய்தனர்?
2. இதில் என்ன எழுத்தும் முத்திரையும் உள்ளன?
3. இது யார் கையில் இருந்தது? எப்படி இங்கு வந்தது?
4. இந்தப் பொருள் எதைச் சொல்லவில்லை?
5. இது சொல்வதை வேறு எந்தச் சான்றைக் கொண்டு சரிபார்க்கலாம்?

நான்காம் கேள்விதான் உயிர்நாடி. பதக்கம் வீரத்தைச் சொல்லும். பயத்தையும் பசியையும் சொல்லாது. ஊர்க்கல் எண்ணிக்கையைச் சொல்லும். காத்திருந்த மனைவியைச் சொல்லாது. ஐந்தாம் கேள்விக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தோரின் பெயரையும் படைப்பிரிவையும் கொண்டு தேடலாம். சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறையையும், எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதியையும், புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் களப்பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள பொருளைப் புளியோ பிராசோவோ போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பளபளப்பு கூடும், எழுத்து போய்விடும். உலர்ந்த மென்துணியால் தூசு தட்டினால் போதும். மங்கிய எழுத்தைக் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுத்தால் தெளிவாக வரும்.

பாதுகாப்பும் சட்டமும்

இந்தப் பகுதியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. தோட்டா, குண்டு, அவற்றைப் போன்ற எந்தப் பொருளையும் மாணவர்கள் தொடவோ பள்ளிக்குக் கொண்டுவரவோ கூடாது. எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் உள்ளே மருந்து உயிரோடிருக்கலாம். வயலிலோ கடற்கரையிலோ பழைய இரும்புக் கடையிலோ கண்டால் விலகி நின்று, பெரியவர்களிடம் சொல்லி, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இதை மாணவர்களை எழுதவைத்துப் பெற்றோர் கையொப்பம் வாங்குகிறேன்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் சுட இயலாத பழங்காலத் துப்பாக்கிகளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. பழையது என்பதாலேயே உரிமம் வேண்டாம் என்று பொருளில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் உள்ளது என்று மாணவர் சொன்னால், அதை வகுப்பில் பேசுபொருளாக்காமல் பெற்றோரைத் தனியே அழைத்து, காவல் நிலையத்தில் விவரம் கேட்கச் சொல்வது நல்லது. நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மதிப்பீடும் தொடக்க வகுப்புகளும்

ஐந்து கேள்விகளின் விடைத்தாளையே வளரறி மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். சரியான ஆண்டைச் சொன்னதற்கு மட்டுமன்றி, "இதைக் கொண்டு இவ்வளவுதான் சொல்ல முடியும்" என்று எல்லை கட்டியதற்கும் மதிப்பெண் கொடுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் போர்ப் பொருள் வேண்டாம். பாட்டி வீட்டுத் தகரப்பெட்டி, பழைய காசு, படிக்கல் ஆகியவற்றில் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டாலே பொருளை வாசிக்கும் பழக்கம் வந்துவிடும்.

இந்த ஆண்டு எங்கள் மாணவர்கள் சுற்றியுள்ள ஊர்களில் போர்க் கற்களைத் தேடிப் பட்டியலிடத் தொடங்கியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர், கல் இருக்கும் இடம், சென்றோர் எண்ணிக்கை, இறந்தோர் எண்ணிக்கை, இன்றைய நிலை என ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணை. தங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஆசிரியர்கள் இதே அட்டவணையைத் தயாரித்தால், கல்லில் இல்லாத பெயர்களை அந்தந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே நமக்கு உள்ளன.