கொட்டில் கப்பும் அப்பாவின் சீமெந்தும்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. தம்பலகாமத்தில் எங்கள் மாட்டுக் கொட்டில் அன்று விழவில்லை, சாய்ந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு பக்கமாக ஒரு முழம் சரிந்து நிற்கிறது. சுவர்த் தகரங்களில் மூன்று வயலுக்குள் கிடந்தன. புயல் செய்த வேலை என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஓடாவி அண்ணை வந்தார். தகரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. குந்தியிருந்து, கப்பின் அடி மண்ணைக் கையால் விலக்கி, உளியால் ஒரு குத்து. மூன்று அங்குலம் இறங்கிற்று.

"தம்பி, இது காத்து விழுத்தினது இல்ல. நாலைஞ்சு மாரியா உக்கிக்கொண்டு கிடந்திருக்கு."

பன்னிரண்டு கப்பில் நாலு அப்படி. நாலுமே, உக்கக்கூடாதென்று அப்பா அடியில் சீமெந்து ஊற்றியவை! வெறும் மண்ணில் நின்ற எட்டும் தப்பியிருந்தன. ஒன்றைப் பிடுங்கியபோதுதான் விளங்கியது: இரண்டடி ஆழத்தில் இருந்த அடிக்கட்டை வைரமாகவே இருந்தது. மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்றில்லை, மேலே ஈரமில்லை. மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் இடத்தில் இரண்டும் உண்டு. மரம் காய்ந்து சுருங்க, சீமெந்துக்கும் மரத்துக்கும் நடுவில் நூலளவு இடைவெளி விழுந்து, அது கிண்ணம் மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயற்கரை வேறு. ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

மாரியில் குழி வெட்டினால் ஊற்றுத்தான் நிற்கும். ஆகவே தை கழியும்வரை முட்டுக் கொடுத்தே வைத்திருந்தோம். பிறகு ஒரு நேரத்தில் ஒரு கப்பு மட்டும். முதலில் அந்தப் பக்கத் தகரத்தின் ஆணிகளைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது தகரம் கிழியும். லொறி ஜக்குக்கு அடியில் தடித்த பலகை வைத்து, வளையை விரற்கடை விரற்கடையாக உயர்த்தினோம். உக்கின இடத்துக்கு மேலே ஓர் அடி நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்தோம். கீழே நிலத்துக்கு மேல் ஓர் அடி நிற்கும்படி கொங்கிறீட் கட்டை. தலையில் தண்ணீர் தங்காமல் சரிவு. அதில் பதித்த இரண்டு பட்டை இரும்புக்கு நடுவே கப்பை நிறுத்தி, இரண்டு போல்ட். கொங்கிறீட்டில் கப்பு தொடாமல் அரை அங்குலம் இடைவெளி. ஏழு நாள் நனைத்த பிறகே பாரம் ஏற்றினோம்.

என் பிழை இதற்குப் பிறகு. மண்ணுக்குள் ஊன்றிய கப்பு தன் பலத்தில் நிமிர்ந்து நிற்கும், கட்டையில் வைத்த கப்பு நிற்காது. மூலைகளுக்குக் கோணச்சட்டம் அடி என்று அண்ணை சொன்னதை, மரச் செலவை நினைத்துத் தள்ளிப்போட்டேன். ஆனி மாதத்துக் கச்சான் காற்றில் கொட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடியது. மறுநாளே சட்டங்கள் வாங்கினேன்.

சுவருக்கு வருவோம். தகரத்தின் அடியை நிலத்தில் முட்டவிட்டிருந்தோம். மாட்டு மூத்திரமும் சாணியும் அதை அரித்துச் சல்லடையாக்கிவிட்டன. இப்போது அடியில் இரண்டு வரி புளொக் கல், அதற்கு மேல்தான் தகரம். மேலே ஒன்றரை அடி திறப்பு, காற்றுக்கு வழி. வாடை அடிக்கும் பக்கம் மட்டும் கிடுகு. காற்று அதில் கசிந்து போகும், தகரம்போல் பாய் விரித்துக் கொட்டிலையே இழுக்காது. வருஷம் ஒருமுறை மாற்றும் வேலை உண்டுதான். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

உங்கள் வளவிலும் கொட்டில் நின்றால், மாரி பிறக்குமுன் புரட்டாதியில் ஒரு நாள் உளியோடு போங்கள். ஒவ்வொரு கப்பின் அடியிலும் மண்ணை ஒரு சாண் விலக்கிக் குத்திப் பாருங்கள். அடியில் சீமெந்து போட்டவற்றை முதலில் பாருங்கள்.