சிடி பிளேயர்: தங்கவயலில் சொல்வதும் உள்ளதும்

“சோனின்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்.”

ராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ, வீட்டில் இருக்கிற ஸ்டீரியோ செட்டுக்கு ஒரு சிடி பிளேயர் தேடுகிறேன் என்று வாய் திறந்தால் முதலில் கிடைக்கும் யோசனை இது. கெட்ட யோசனை இல்லை, அரைகுறை யோசனை. முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், தட்டைப் படிக்கிற உறுப்பு வேறு கம்பெனியில் செய்ததாக இருக்கலாம். மெக்கானிக்குகள் மொத்தமாக ‘லென்ஸ்’ என்று சொல்கிற லேசர் பிக்கப்பைத்தான் சொல்கிறேன். சோனியின் கேஎஸ்எஸ்-213 வகையும் சான்யோவின் எஸ்எஃப்-பி101என் வகையும் பல பெயர்களில் விற்ற பெட்டிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. சிடி பிளேயரில் முதலில் தேய்ந்து சாவது பெரும்பாலும் இந்த உறுப்புதான். மேலே சொன்ன இரண்டுக்கும் சீனாவிலிருந்து மாற்று வருகிறது, பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் விசாரித்தால் சில நூறு ரூபாயில் முடியும். அதனால் கடைக்காரரிடம் “என்ன கம்பெனி?” என்று கேட்பதைவிட “உள்ளே என்ன லென்ஸ்?” என்று கேட்பது லாபம். ஒரு காலத்தில் ஐம்பதாயிரத்துக்கு விற்ற உயர்ரகப் பெட்டியானாலும் அதன் பிக்கப் செய்வது நின்றுபோயிருந்தால், அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

“கனமா இருந்தா நல்ல செட்டு” என்பதையும் இதோடு தள்ளிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரும் இரும்புத் தகடும் எடை கூட்டும். லென்ஸின் எடை சில கிராம்தான்.

“லென்ஸ் கிளீனர் சிடி ஒண்ணு வாங்கி வாரத்துக்கு ஒருமுறை போட்டா போதும்.”

வேறு ஊரில் இதைக் கேட்டால் நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். இங்கே முடியாது. 2001 பிப்ரவரி 28-ல் இங்குள்ள தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது ஊருக்கு நடுவே மிஞ்சி நின்றவை சயனைடு மேடுகள். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், 3 கோடி டன்னுக்கும் மேல் என்கிறார்கள். அது வயல் மண் மாதிரி இல்லை. பாறையை மில்லில் போட்டு மாவாக அரைத்த தூள். அதில் குவார்ட்ஸ் நிறைய. காற்றுக் காலத்தில் ஜன்னலைச் சாத்தினாலும் அலமாரி மேல் படிவது அதுதான். குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும். பிக்கப்பின் லென்ஸோ பெரும்பாலும் பிளாஸ்டிக். கிளீனர் தட்டின் அடியில் இருக்கும் குட்டி பிரஷ் அந்தத் தூளை லென்ஸ் மேல் வைத்து இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் தூளை ஊதி எடுக்க வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் பம்பு நல்லது. அதன் பிறகும் மங்கல் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது பட்ஸால், அழுத்தாமல், ஒரு தடவை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது என்பதால் ஓடும்போது எட்டிப் பார்ப்பது ஆபத்து.

இந்தத் தூசுதான் நம் ஊரில் எந்த வகை பிளேயர் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். மேல்மூடி திறக்கிற வகையில் ஒவ்வொரு முறை தட்டு மாற்றும்போதும் லென்ஸ் வெட்டவெளிக்கு வருகிறது. தட்டை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும் வகையில் தட்டோடு தூளும் உள்ளே போகிறது, எடுக்க வழியில்லை. டிரே வெளியே நீண்டு உள்ளே போகிற சாதாரண வகைதான் தங்கவயலுக்கு. பாட்டு முடிந்ததும் மேலே ஒரு துணி. ஓடும்போது துணி வேண்டாம், உள்ளே சூடேறும்.

“லென்ஸ் வீக்கா? பவர ஏத்திடலாம், அப்படியே பாடும்.” பாடும், உண்மைதான். பிக்கப்பின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும், தட்டு பிடிக்கும். ஏற்கெனவே களைத்த லேசர் அந்தச் சூட்டில் இன்னும் சீக்கிரம் சாகும். இப்படி ‘சரிசெய்த’ பெட்டிகள்தான் பழைய பொருள் கடைகளில் பளபளப்பாக நிற்கின்றன. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வாங்கப் போகும்போது இரண்டு தட்டு கொண்டு போங்கள்: 70 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரிஜினல் ஒன்று, வீட்டில் கம்ப்யூட்டரில் எழுதியது ஒன்று. சிடி உள்வட்டத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கம் நோக்கிப் படிக்கப்படுகிறது. உள்ளே நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, ஓரத்துக்கு வரும்போது 200. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுக்குத் தாவச் சொல்லுங்கள். திணறினால், பிக்கப் நகரும் தண்டிலோ பல்சக்கரத்திலோ கோளாறு. ஒரிஜினலைப் பாடிவிட்டு எழுதிய தட்டைக் கண்டு விழித்தால் லேசர் களைத்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். டிரே திறக்க அடம்பிடிக்கிறதா? பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அற்பச் செலவு, ஆனால் அதைக் காட்டி விலை குறைக்கச் சொல்லலாம்.

“டிவிடி பிளேயர்ல சிடி போட்டா சத்தம் நல்லா இருக்காது.” பட்ஜெட் குறைவு என்றால் நான் முதலில் காட்டும் வழியே டிவிடி பிளேயர்தான். அதற்குள் டிவிடிக்கு 650, சிடிக்கு 780 என்று இரண்டு அலைநீள லேசர் இருக்கிறது. எம்பி3 தட்டும் பாடும். பழைய சிடி பிளேயர்கள் பெரும்பாலும் அதைத் தொடாது. முகப்பில் பாட்டு எண் காட்டும் திரையும் ரிமோட்டும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் டிவியைப் போட வேண்டிவரும். பின்னால் சிவப்பு, வெள்ளை ஒயரை ஆம்பிளிஃபயரில் ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதியதில் செருகுங்கள். ஃபோனோ என்பது இசைத்தட்டுக்கானது. அதில் செருகிவிட்டு “டிவிடி சவுண்டு கரகரன்னு இருக்கு” என்று சொல்பவர்கள் உண்டு.

பெட்டியில் ஒட்டியிருக்கும் ‘24 பிட்’ ஸ்டிக்கருக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள். சிடியில் இருப்பது 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள். எந்த ஸ்டிக்கரும் அதற்குமேல் ஒன்றைத் தட்டில் சேர்க்காது. 1982-ல் சோனி ஜப்பானில் தன் முதல் பிளேயரைக் கொண்டுவந்தபோது 16 பிட். பிலிப்ஸின் முதல் பிளேயரில் இருந்ததோ 14 பிட் சிப். சாமர்த்தியமான கணக்கால் அதை 16-க்கு ஈடாக்கினார்கள், இன்றும் அந்தப் பெட்டியைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். சுரங்கக் கம்பெனி கட்டிய சின்ன லைன் வீட்டில் உட்கார்ந்து, ஒழுங்காக ஓடும் இரண்டு பிளேயர்களுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. மிச்சப் பணத்தை ஸ்பீக்கர் பாக்ஸில் போடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு நம்பிக்கை இருக்கிறது: தங்க சிடி. 24 காரட் தங்கம் பூசிய தட்டுகளை 1980-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி போன்ற கம்பெனிகள் விற்றன. “தங்கம் பா, சத்தமே தனி” என்பார்கள். லேசருக்குத் தேவை எதிரொளிப்பு. அதற்கு அலுமினியமே போதும். தங்கம் துருப்பிடிக்காது, அதனால் தட்டு நெடுநாள் இருக்கும், அந்த அளவுக்கு உண்மை. சத்தம் நன்றாக இருந்தால் காரணம் அந்தக் கம்பெனி நல்ல மாஸ்டர் டேப்பைத் தேடி எடுத்தது. தங்கம் எவ்வளவு என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூச்சின் கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 20 மில்லிகிராமைத் தொடவில்லை. சுரங்கத்தின் கடைசிக் காலத்தில் டன்னுக்குச் சுமார் 3 கிராம் கிடைத்தது என்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு தட்டுக்கு ஆறு கிலோ பாறை.

கீறலைப் பற்றி எல்லாரும் தலைகீழாகப் பயப்படுகிறார்கள். பளபளக்கும் பக்கத்தைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு, படம் அச்சிட்ட பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பேர் எழுதுவார்கள். தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அத்தனையும் பளபளக்கும் பக்கத்துத் தெளிந்த பிளாஸ்டிக். உலோகப் பூச்சு இருப்பது படத்துக்கு அடியில், மெல்லிய வார்னிஷுக்குக் கீழே. பேனா முனை அதைத் துளைத்தால் பாட்டு போனது போனதுதான். கீழ்ப்பக்கக் கீறலைப் பிழைதிருத்தக் கணக்கு ஓரளவு சரிக்கட்டிவிடும். தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் மறைந்தாலும் விட்டதை அப்படியே மீட்டெடுக்கும். வட்டமாக ஓடும் கீறல்தான் அதற்கு எமன், ஏனென்றால் ஒரே தடத்தை நெடுகச் சாப்பிடுகிறது. ஆகவே துடைப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்கோட்டில். பல் பேஸ்ட் வைத்தியம் கீழ்ப்பக்கத்து லேசான கீறலுக்கு எடுபடும், அதுவும் வேறு வழியே இல்லாதபோது.

வளைகுடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த செட்டுகளில் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கலாம். 110-ல் நின்றால் மாற்றிவிட்டுத்தான் பிளக். “ஜப்பான் ஒரிஜினல்” என்று வருவது 100 வோல்ட். 230-ல் நேராகச் செருகினால் புகை. தனி டிரான்ஸ்ஃபார்மர் செலவைச் சேர்த்துப் பாருங்கள். மலிவாகத் தெரிந்தது மலிவில்லை.

கடைசியாக, “சிடில போட்டா பழைய பாட்டெல்லாம் ஸ்டீரியோ ஆயிடும்.” தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று ‘ப்ரியா’வைச் சொல்வார்கள்; அது வந்தது 1978-ல். அதற்கு முந்தைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாடல்கள் அநேகமாக ஒரே தடத்தில் பதிவானவை. இரண்டு பாக்ஸிலும் ஒரே ஒலி வந்து நடுவில் நிற்பதுதான் சரி, பிளேயர் கெட்டுப்போகவில்லை. சில மறுபதிப்புகளில் கனத்த ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறுபக்கமும் பிரித்துப் போலி ஸ்டீரியோ செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட தட்டு மாட்டினால் ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்திவிட்டுக் கேளுங்கள்.