அதிகாரம் என்னும் தகுதி

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறுக்கு அருகே, கேரளத்தின் தென்கோடியில் குளத்தூர் என்னும் ஊராட்சி உள்ளது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. பாறசாலையும் தமிழக எல்லையும் தொலைவில் இல்லை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே வாக்கியத்தில், கலந்து புழங்கும் நிலப்பகுதி இது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுமுறைகள் மட்டும் கோட்டின் இருபுறமும் அப்படியே நீடித்தன.

இந்தப் பகுதியின் பழைய சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை இலண்டன் மிஷனரி சங்கத்தாரின் பணியால் தோன்றியவை. 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் போதகர் திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் தொடங்கிய பணி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாறசாலை வரை பரவியிருந்தது. பெண்கள் தம் மேனியை மறைத்துக்கொள்ளும் உரிமைக்கே போராடி, 1859-இல் அரசாணை பெற வேண்டியிருந்த சமுதாயத்தில், சபை என்பது வழிபாட்டுக் கூடம் மட்டுமாக இருக்க இயலவில்லை. மானத்தோடு வாழ இடம் தேடியவர்களுக்கு அதுவே வீடாகவும் இருந்தது.

அத்தகைய சிற்றூர்ச் சபையில் போதகர் என்பவர் யார்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துபவர் என்று சொன்னால் அது பாதி விடைகூட ஆகாது. பிறப்புக்கும் மணத்துக்கும் சாவுக்கும் அவர் வரவேண்டும். சொத்துப் பிரிவினையில் மனம் கசந்த உடன்பிறந்தாரை ஒரே திண்ணையில் அமர்த்திப் பேச வேண்டும். குடியால் நிலைகுலைந்த வீட்டுக்கு அழைப்பில்லாமலே போகவேண்டும். காணிக்கைக் கணக்கைச் சபையார் முன் வைத்து அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்பவருடைய சொந்த வீடோ ஊர் முழுவதும் எட்டிப் பார்க்கும் வீடு. மனைவியின் பேச்சும் பிள்ளைகளின் நடத்தையும் ஊராரின் அளவுகோலுக்கு உட்பட்டவை. மடத்தில் வாழும் துறவிக்கு இந்தச் சோதனை இல்லை. அவ்வகையில் போதகரின் பாதை துறவியின் பாதையைவிடக் கடினமானது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

இப்படிப்பட்டவரின் சொல்லுக்கு ஊர் ஏன் கட்டுப்பட வேண்டும்? அவருக்குரிய அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

இன்றைய வழக்கில் 'அதிகாரம்' என்றால் பிறரை ஏவும் ஆற்றல். அதிகாரி என்றால் நாற்காலியில் அமர்ந்திருப்பவர். வேதாந்த நூல்களிலோ இச்சொல்லின் பொருள் வேறு. அங்கே அதிகாரி என்பவன் தகுதி பெற்றவன். உபதேசத்தைப் பெறுவதற்கு வேண்டிய விவேகமும் வைராக்கியமும் அடக்கமும் வாய்க்கப்பெற்ற மாணவன். ஏவுவதற்கு அங்கே இடமே இல்லை. ஒரே சொல் ஆசிரியரின் பீடத்திலிருந்து இறங்கி மாணவனின் நெஞ்சுக்குள் வந்து அமர்கிறது. தகுதியை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி நெய்யாற்றின் கரைக்குப் புதியதும் அன்று. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று, இதே நெய்யாற்றின் மேற்பகுதியில், அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவியபோது எழுந்ததும் அக்கேள்விதான்.

கிறிஸ்தவ சபைக்குள் அதே கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர் ஒரு தமிழர். தோர்ணக்கல் பேராயராக இருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. போதகரின் கடமைகளையும் சேகரத்தின் வாழ்வையும் பற்றிப் போதகர்களுக்கென்றே ஒரு நூலும் எழுதியவர். குளத்தூர்ப் பகுதியின் சபைகளுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு பின்னால் வரும்.

போதகர் வீட்டுப் பிள்ளை

1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் சிற்றூர்ப் போதகர். தாய் எலன் நெடுநாள் வேண்டிப் பெற்ற மகன் என்பதால் சாமுவேல் என்ற பெயர் அமைந்தது. 1889-இல் தந்தை மறைந்தார். அதன்பின் தாயின் கண்டிப்பிலேயே பிள்ளை வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1890-களின் நடுப்பகுதியில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளர்களுள் ஒருவரானார்.

1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். வரதட்சிணை வாங்கவில்லை; திருமணத்தை ஆடம்பரமின்றி எளிமையாக முடித்தார். பெண் வீட்டாரைக் கடனில் ஆழ்த்தும் திருமணங்கள் சபை உறுப்பினர்களிடையேயும் மலிந்திருந்த காலம் அது. இன்றும் அந்நிலை முற்றாக மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பிற்காலத்தில் தோர்ணக்கல் சிற்றூர்களில் மக்களைப் பிடித்தாட்டும் நான்கு பேய்கள் என்று அழுக்கு, நோய், கடன், குடி ஆகியவற்றை அவர் சொல்வதுண்டு. அந்த நான்கில் ஒன்றைத் தம் மணநாளிலேயே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். கடன் வாங்கி விருந்து வைத்த ஒருவர் பின்னாளில் கடனைப் பற்றிப் பேசியிருந்தால் கேட்பவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டார் கையை எதிர்பாராமல் தங்கள் பணத்திலேயே ஊழியர்களை அனுப்பி வருவதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அதன் உருவாக்கத்தில் அவர் பங்கு பெரிது. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் முன்னின்றார். மக்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையவை என்பதே இவற்றின் அடிப்படை.

பிறரை 'போ' என்று சொல்லும் இடத்தில் இருப்பது எளிது. தாம் அனுப்பிய இடத்துக்குத் தாமே ஏன் போகக்கூடாது என்ற கேள்வி அவரைத் தைத்தது. நாடறிந்த பொறுப்பைத் துறந்து, 1909-இல் குருப்பட்டம் பெற்று, நிஜாமின் ஆட்சிப் பகுதியில் இருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்றார். முப்பத்தைந்து வயதில் தெலுங்கு மொழியை ஊழியத்துக்காகக் கற்றார். கூடாரம் அடித்துத் தங்கினார்; மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார்.

உணவு மேசையின் மறுபுறம்

1910-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தனர். அவர்களுள் ஆசியர் மிகச் சிலரே. அந்த அவையில் அசரியா, வெளிநாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிப் பேசினார். பணம் கொடுப்பவருக்கும் கூலி பெறுபவருக்கும் உள்ள உறவாகவே அது இருக்கிறது. பல ஆண்டுகள் ஒன்றாக உழைத்தவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் உணவு உண்டதில்லை. தியாகத்துக்குக் குறைவில்லை, கொடைக்கும் குறைவில்லை, தோழமைதான் கிடைக்கவில்லை என்றார். நட்பையே தரும்படி கேட்டு முடித்தார். அவையில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தனர்.

அந்தப் பேச்சு பொதுவாக நிறவேற்றுமைக்கு எதிரான குரலாகவே நினைவுகூரப்படுகிறது. அது சரியே. ஆயினும் அதில் வேறொன்றும் உண்டு. இழைக்கப்பட்ட குறையைச் சொல்வது எவருக்கும் இயலும். அதே குறையைத் தமக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாம் இழைக்காமல் இருப்பது அரிது. இரண்டரை ஆண்டுகளுக்குள் அந்தச் சோதனை வந்தது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அந்நிலைக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவர். வெள்ளையர் ஓர் இந்தியருக்குக் கீழ்ப்பட்டுப் பணியாற்றுவார்களா என்று ஐயுற்றவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர். இந்தியரிலும் ஐயுற்றோர் உண்டு. காலப்போக்கில் திருமண்டலம் விரிவடைந்து கிருஷ்ணா ஆற்றுப் பகுதிகளும் அதில் சேர்ந்தபோது, ஐரோப்பிய ஊழியர் பலர் அவருடைய பொறுப்பில் வந்தனர். இன்னொரு செய்தியையும் உடன் சொல்ல வேண்டும்: 1945 வரை, ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றுக்குத் தலைமை வகித்த வேறு இந்தியர் எவரும் இல்லை. திறந்த கதவு அவ்வளவுதான் திறந்திருந்தது.

தம் திருமண்டலத்துக்குள் அவர் செய்தது இதற்கு நேர்மாறு. அவர் பொறுப்பேற்றபோது அங்கிருந்த இந்தியக் குருமார் ஆறு பேர். 1935-இல் அவர்கள் எண்ணிக்கை 250. சிற்றூர் ஆசிரியர்களும் மருத்துவ ஊழியர்களும் உபதேசியார்களும் 2,000-க்கும் மேல். இவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா குலங்களில் பிறந்து, ஊருக்குள் நுழையவே தடுக்கப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள். அவ்விரு குலத்தாரும்கூட ஒருவரோடொருவர் உண்ணாதவர்கள். சபைக்குள் வந்தபின்பும் அந்த வேலியைத் தூக்கி வந்தவர்களைத் திருவிருந்தின் முன் ஒன்றாக நிறுத்துவது, எடின்பரோவில் பேசுவதைவிடக் கடினமான வேலையாக இருந்திருக்க வேண்டும். திருமுழுக்குப் பெற்றவர்கள் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தமக்கே உரிய கடமை என்று சொல்லுமாறு செய்வது அவர் வழக்கம். நேற்றுவரை கேட்பவனாக இருந்த உழவன் அந்தக் கணமே பொறுப்புடையவன் ஆகிறான். 'அதிகாரி' என்ற சொல்லின் பழைய பொருள் நினைவுக்கு வரும் இடம் இது.

இந்தப் பணியில் அன்பு மாரியம்மாளின் பங்கு தனியே எழுதத் தக்கது. கணவரோடு ஊர்களுக்குச் சென்றார். அன்னையர் ஐக்கியம் என்னும் பெண்கள் அமைப்பை வழிநடத்தினார். கடன், குடி, அழுக்கு, நோய் நான்கும் வீட்டுக்குள் நுழைவதை முதலில் காண்பவள் அந்த வீட்டின் பெண். மேடைச் சொற்பொழிவு எட்டாத அந்தச் சமையலறைவரை அவர் போனார்.

கருத்து மாறுபட்ட இடம்

மதமாற்றம் குறித்து அசரியாவுக்கும் காந்தியடிகளுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை 1936, 1937-ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் தம் 'ஹரிஜன்' இதழில் கடுமையாக மறுத்தார். தோர்ணக்கல் பகுதியிலிருந்து வந்த செய்திகளையும் ஐயத்தோடு நோக்கினார். ஏழைக்கும் ஆன்ம தாகம் உண்டு, அவன் தேர்வை வயிற்றுப் பசியாக மட்டும் குறுக்கலாகாது என்பது அசரியாவின் நிலை. இவ்வேறுபாட்டை மூடி மறைக்க வேண்டியதில்லை. இந்நாட்டின் ஆன்மிக மரபில் நின்று பார்ப்போர் பலர் காந்தியடிகளின் பக்கமே சாய்வர். ஆயினும், அந்த ஏழையை நாம் எத்தனை தலைமுறை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம் என்ற கணக்கைப் பார்த்தபின் சாய்வது நல்லது.

அதே அசரியா, 1932-இல் வகுப்புவாரித் தனித்தொகுதி முறை அறிவிக்கப்பட்டபோது, கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றார். சபை, பதவிப் பங்குகேட்கும் கூட்டமாகச் சுருங்கிவிடும் என்று அஞ்சினார். தம் சமூகத்துக்குக் கிடைக்கவிருந்த இடங்களை வேண்டாம் என்று சொல்லும் தலைவர்கள் எக்காலத்திலும் மிகுதியாக இருந்ததில்லை.

தோர்ணக்கல் பேராலயத்தைக் காண்பவர்க்கு அவர் மனப்பாங்கு ஓரளவு புலப்படும். கோவில் மண்டபத்தை ஒத்த தூண்கள். முகம்மதியக் கட்டடக் கலையை நினைவூட்டும் குவிமாடங்கள். 1914-இல் தொடங்கிய வேலை முடிய இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1939 ஜனவரி 6-ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது.

இனி, குளத்தூருக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு. இலண்டன் மிஷன் வழிவந்த சபைகள் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபை என்ற அமைப்பில் இணைந்திருந்தன. 1919 மே மாதம் அந்தச் சபையாரும் ஆங்கிலிக்கன் சபையாரும் தரங்கம்பாடியில் கூடிச் சபைகளின் ஐக்கியத்துக்கான அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். கூடிய 33 பேரில் இருவர் தவிர அனைவரும் இந்தியர். முன்னின்றவர்களில் ஒருவர் அசரியா. ஐரோப்பாவில் நடந்த சண்டைகளின் பெயரால் திருவிதாங்கூர்க் கிராமத்தானும் தெலுங்குக் கிராமத்தானும் ஏன் பிரிந்திருக்க வேண்டும் என்பதே அவர்களை உறுத்திய கேள்வி. பேச்சுவார்த்தை இருபத்தெட்டு ஆண்டுகள் நீண்டது. 1945 ஜனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் மறைந்தார். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று.

அதன் தென் திருவிதாங்கூர் திருமண்டலம், மாநில எல்லையை ஒட்டி 1959-இல் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டாகப் பிரிந்தது. இன்றும் களியக்காவிளைக்கு இப்பால் உள்ள பெண்ணுக்கும் அப்பால் உள்ள மணமகனுக்கும் மணம் உறுதியானால், திருமண ஓலை அவரவர் சபையில் வாசிக்கப்படுகிறது: ஓரிடத்தில் தமிழில், மற்றோரிடத்தில் மலையாளத்தில்.