தீபாவளிக்கு முன்னாடி ஒரு கணக்குப் பாடம்

செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ், தீபாவளி டிரஸ், ஊருக்குப் போற பஸ் டிக்கெட் எல்லாமே ஒரே நேரத்துல வந்து நிக்கும். நல்ல நாள் நெருங்க நெருங்க வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தைக் கொஞ்சம் குறைக்கிற கணக்குதான் இந்தக் கட்டுரை. கால்குலஸ் எல்லாம் வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும்.

முதல்ல எங்க ஊரைப் பத்திச் சொல்றேன். ஆரணியில எங்க அப்பா பட்டுச் சேலை நெய்றவர். அம்மா தார் சுத்துவாங்க. பாவும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், சேலைக்கு இவ்வளவுன்னு கூலி. தீபாவளிக்கு முன்னாடி கடைகளுக்குச் சரக்கு போகணும், அதனால வேலை ஜாஸ்தி. பண்டிகை முடிஞ்சதும் ஆர்டர் குறையும். அதே ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழையும் வரும். தெருவுல பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது, குழித்தறியில தண்ணி ஊறும், ஈரத்துல பட்டு இழை சொன்ன பேச்சு கேக்காது. ஆக, செலவு உச்சத்துக்குப் போன அடுத்த வாரமே வருமானம் இறங்கிடும். இதுதான் எங்க ஊர் தீபாவளியோட கிராஃப்.

நான் செகண்ட் இயர் படிக்கும்போது ஆன்லைன் ஆஃபர்ல 2,400 ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்கினேன். 'இப்போ வாங்கு, அப்புறம் கட்டு' ஆப்ஷன்தான். வீட்டுல சொல்லல. டியூ டேட்டை மறந்துட்டேன். லேட் ஃபீ சேர்ந்து, ஃபோன் மேல ஃபோன் வந்தப்போ அப்பாகிட்ட போய் நின்னேன். அவர் திட்டல. சட்டையை மாட்டிக்கிட்டு முதலாளி வீட்டுக்குப் போய் முன்பணம் வாங்கிட்டு வந்தார். கார்த்திகை மாசம் முழுக்க அது கூலியில பிடிபட்டுச்சு. அந்த ஷூவைப் போட்டுக்கிட்டு தறிக்கூடத்துப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

கணக்கு 1: தண்டல்

'10,000 ரூபாய் தண்டல், தினம் 100 வீதம் 100 நாள்' அப்படின்னா கேக்க ஈஸியா இருக்கும். ஆனா கையில கொடுக்கும்போதே 1,000 பிடிச்சுக்கிட்டு 9,000தான் தருவாங்க. 9,000-க்கு 1,000 வட்டின்னா 11 சதவீதம்தானேன்னு தோணும். தப்பு. தினமும் கட்டிக்கிட்டே வர்றதால, சராசரியா நம்ம கையில இருக்கிற கடன் பாதிதான், அதாவது சுமார் 4,500. அதுக்கு 100 நாள்ல 1,000 வட்டின்னா 22 சதவீதம். வருஷக் கணக்குல 80 சதவீதத்தைத் தாண்டும்! வங்கி நகைக்கடன் வட்டி இதுல ஒரு சின்னப் பங்குதான்.

லோன் ஆப்புக்கும் இதே கணக்குதான். ரிசர்வ் வங்கியோட டிஜிட்டல் கடன் விதிகள்படி, எல்லாச் செலவும் சேர்ந்த வருடாந்திர வட்டி விகிதத்தைக் கடன் கொடுக்கும் முன்னாடியே காட்டணும். அந்த நம்பரைத் தேடிப் பாருங்க. அது இல்லாத ஆப்பை அப்பவே டெலீட் பண்ணிடுங்க.

கணக்கு 2: தீபாவளிச் சீட்டு

மாசம் 500 கட்டினா, தீபாவளிக்குத் தங்கக் காசு, மளிகை, ஸ்வீட், பட்டாசு எல்லாம் வரும்னு சொல்லுவாங்க. 12 மாசத்துக்கு நீங்க கட்டுறது 6,000. வர்ற பொருளைக் கடை விலையில எழுதிக் கூட்டுங்க. 6,000-ஐ விட ரொம்ப ஜாஸ்தியா வந்தா, அந்த மிச்சத்தை யார் எந்த வியாபாரத்துல சம்பாதிச்சுக் கொடுக்கிறாங்கன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா, அது அடுத்து சேரப்போறவங்க பணம்.

ஆருத்ரா கோல்டு வழக்கு நம்ம பக்கத்துல பல பேருக்குத் தெரியும். 2022-ல வெளியே வந்தப்போ, சுமார் 1 லட்சம் பேர்கிட்ட சுமார் 2,438 கோடி வசூல் ஆனதா போலீஸ் சொன்னாங்க. மாசம் 25, 30 சதவீதம்னு ஆசை காட்டினதுதான் தூண்டில். மாசம் 30 சதவீதம்னா வருஷத்துக்கு 360 சதவீதம். அப்படி லாபம் தர்ற தொழில் எதுவும் கிடையாது. அதனால எந்தச் சீட்டா இருந்தாலும் 1982 சிட்ஃபண்ட் சட்டப்படி பதிவானதான்னு பதிவு நம்பரைக் கேளுங்க. கேக்கிறதுக்கு வெக்கப்பட வேண்டாம்.

கணக்கு 3: சேலைக்கு 300

தீபாவளி திடீர்னு வர்ற விருந்தாளி இல்ல. 2024-ல அக்டோபர் 31, 2025-ல அக்டோபர் 20. தேதி கொஞ்சம் முன்ன பின்ன போகும், அவ்வளவுதான். போன வருஷம் ஆன செலவை ஒரு பேப்பர்ல எழுதுங்க. எங்க வீட்டுல 12,000 வந்துச்சு.

'மாசம் 1,200 எடுத்து வைங்க' அப்படின்னு யூடியூப்ல சொல்லுவாங்க. அது மாசச் சம்பளக்காரங்களுக்குச் சரி. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்துல 12-ல ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஒரு மாசச் சம்பளம். கூலி நெசவுக்கு மாசச் சம்பளமே கிடையாதே! அதனால நாங்க மாசத்தை விட்டுட்டு சேலையை அளவா வெச்சோம். ஒரு சேலை இறங்கினா 300 ரூபாய் தனியா. 4 சேலை இறங்குற மாசம் 1,200 சேரும், 2 சேலை இறங்குற மாசம் 600 போதும், மழையில தறி நின்னா பூஜ்யம். யாரும் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம். தை மாசம் ஆரம்பிச்சோம், கல்யாண சீசன்ல கொஞ்சம் வேகமா சேர்ந்துச்சு. ஐப்பசி வரும்போது 9,300 இருந்துச்சு. 12,000 வரல. அதனால பட்ஜெட்டை 9,300-க்குக் குறைச்சோம்.

உங்க வீட்டுல ஆட்டோ, கட்டட வேலை, பூக்கடை எதுவா இருந்தாலும் இதே முறைதான். பணம் எந்த அளவுல வருதோ, அதே அளவுல எடுத்து வைங்க.

ஏற்கெனவே கடன்ல இருக்கீங்களா?

எல்லாக் கடனையும் ஒரே தாள்ல எழுதி, வட்டி அதிகமானதை முதல்ல அடைங்க. ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்ல வாங்காதீங்க. மிரட்டினா, ஃபோட்டோவை அனுப்புவேன்னு சொன்னா, 1930-க்குக் கூப்பிடுங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. தமிழ்நாட்டுல கந்துவட்டிக்கு எதிரா 2003-லயே சட்டம் இருக்கு. முக்கியமா, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. நான் சொல்லாம இருந்த மூணு வாரம்தான் அந்தக் கடன்லயே கஷ்டமான பகுதி.

கடைசியா ஒண்ணு. அந்த 9,300-ல எனக்குன்னு டிரஸ் எடுக்கல. 'உனக்கு ஒண்ணும் வேணாமா?'ன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. பழைய ஷூ இன்னும் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அந்த வருஷம் அப்பா முதலாளி வீட்டுக்குப் போகல. ஐப்பசி மழையில தறி நின்னுச்சு, ஆனா கார்த்திகைக் கூலியில ஒரு ரூபாய் பிடிபடல.

இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஃபோன் பண்ணி, போன தீபாவளிக்கு எவ்வளவு செலவாச்சுன்னு மட்டும் கேளுங்க. கணக்கு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.