பலகையைப் படிக்கத் தெரிந்தால் பாதி பயம் போகும்!

படிப்புக்கோ வேலைக்கோ ஜப்பான் போகப் போறீங்களா? அப்போ இந்தச் சின்னப் பாடம் உங்களுக்குத்தான்.

டோக்கியோவில் யமனோட்டே ரயில் பாதையில் ஷின் ஓகுபோ என்று ஒரு நிலையம். வெளியே வந்தால் உணவகங்களில் கொரிய எழுத்து, மளிகைக் கடைகளில் நேபாளி, பக்கத்திலேயே வியட்நாம் மொழி. ஆனால் இவை கடைக்காரர்கள் வைத்தவை. அரசு வைக்கும் பலகைகள் பெரும்பாலும் ஜப்பானியம், ஆங்கிலம், சீனம், கொரியம் ஆகிய நான்கோடு நின்றுவிடும்.

2003ஆம் ஆண்டு பீட்டர் பேக்ஹவுஸ் என்ற மொழியியலாளர், யமனோட்டே பாதையின் 28 நிலையங்களைச் சுற்றி 11,834 பலகைகளைக் கணக்கெடுத்தார். வேற்று மொழி இடம்பெற்றவை 2,444 மட்டுமே. அதாவது, ஐந்தில் ஒன்று.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்வது? 1995 ஜனவரி 17 அன்று கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினையானது. ஜப்பானியமும் ஆங்கிலமும் சரியாகத் தெரியாத வெளிநாட்டவர் பலர், அறிவிப்பு புரியாமல் தவித்தார்கள். அதன் பிறகு உருவானதுதான் ‘யாசஷீ நிஹொங்கோ’, அதாவது எளிய ஜப்பானியம்.

‘ஹினான்’ என்றால் ஆபத்திலிருந்து விலகிப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வது. புதிதாக வந்தவருக்கு இது கடினமான சொல். அதற்குப் பதில் ‘நிகெரு’, அதாவது ‘தப்பி ஓடு’ என்ற அன்றாடச் சொல்லைப் போட்டார்கள். கடினமான எழுத்துக்கு மேலே உச்சரிப்பையும் சின்னதாக எழுதினார்கள். மொழிகளைக் கூட்டினால் மட்டும் போதாது, சொல்லும் எளிதாக இருக்கணும் என்பதே இதன் பாடம்.

கிளம்பும் முன் நீங்க செய்ய வேண்டியவை:

1. மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானியம், தமிழ் இரண்டையும் முன்கூட்டியே பதிவிறக்கி வெச்சுக்கங்க. நிலநடுக்கத்தின்போது இணையம் கிடைக்காமல் போகலாம்.

2. செயலியின் கேமராவால் பலகையைப் படிக்கப் பழகுங்க. அது தப்பாகவும் சொல்லலாம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுடுங்க.

3. மூன்று சொற்களை மனப்பாடம் செய்யுங்க: ‘ஹிஜோகுச்சி’ என்றால் அவசர வழி (பச்சைப் பலகையில் ஓடும் மனிதர் படம் இருக்கும்). ‘ஹினான்ஜோ’ என்றால் பேரிடரின்போது தங்கும் இடம். ‘கிகென்’ என்றால் ஆபத்து.

4. வீடு எடுத்ததும் முதல் வேலையாக, அருகிலுள்ள ஹினான்ஜோ எங்கே என்று நடந்தே போய்ப் பார்த்துடுங்க. அவசர நேரத்தில் செயலியைத் திறக்க நேரம் இருக்காது. நடந்த வழி மறக்காது.